தாங்கியிலிருந்து தொடங்குங்கள்: பழைய காபரேட்டர் காரின் பெற்றோல் கோளாறுகளைக் கண்டறியும் முறை

ஸ்ரீ இலக்கத் தகட்டுடன் கூடிய பழைய கார் ஒன்றை மாமாவிடமிருந்தோ அயலவரிடமிருந்தோ வாங்கி ஓடத் தொடங்கும் ஒருவருக்கு, காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் அது இருமி இருமி நின்றுபோவது ஏறக்குறையத் தவிர்க்க முடியாத அனுபவம். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, உதவிக்கு வரும் முதல் ஆள் பொனட்டைத் திறந்து, ஒரு ஸ்குரூ டிரைவரை வாங்கி, காபரேட்டரில் கண்ணுக்குத் தெரிகிற ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பார். அதுவரை ஒரு கோளாறு இருந்த காரில் அதன் பிறகு இரண்டு இருக்கும்; இரண்டாவதே கண்டுபிடிக்கக் கடினமானது.

பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டர் என்பது பெற்றோல் கடந்துவரும் பாதையின் கடைசி நிலையம். தாங்கி, அதன் மூடி, குழாய், வடிகட்டி, பம்பு ஆகிய எல்லாவற்றையும் தாண்டியே பெற்றோல் அங்கு வந்து சேருகிறது. இவற்றில் எது பழுதானாலும் அறிகுறி காபரேட்டரில்தான் தெரியும், பழியும் அதன்மேலேயே விழும். ஆகவே பெற்றோல் வரும் திசையிலேயே நாமும் நடந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதித்து, காபரேட்டரை இறுதியாகத் தொடுவதே இங்கு சொல்லப்படும் முறை. மொறிஸ் மைனர், வொக்ஸ்வாகன் பீட்டில், டட்சன் சன்னி, கொரோலா கேஈ 70, மாருதி 800 என்று வண்டி எதுவாக இருந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. உறுப்புகளின் உருவமும் இருப்பிடமும் மட்டுமே மாறும்.

வேலையைத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு படர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் அடுத்த அறைக்கும் போகும். கொழும்பில் பலருடைய கார் நிறுத்துமிடம் வீட்டோடு ஒட்டியே இருப்பதால், சாமியறை விளக்கு, சமையலறை எரிவாயு அடுப்பு, வெள்ளிக்கிழமை மாலையில் அம்மா வீடு முழுதும் கொண்டுவரும் சாம்பிராணித் தட்டு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ள வேண்டும். காரை வெளியே, காற்றோட்டமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வேலை செய்வதே நல்லது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பெற்றோல் குழாய் எதையும் கழற்றுமுன் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும்; சோதனைக்காக எஞ்சினைச் சுழற்ற வேண்டிய இடங்களில் மட்டும் அதை மீண்டும் பூட்டலாம். உலர் தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோல் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு சேர்ந்து பரவும்.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் எடுப்பது நம்மூரில் பல ஆண்டுகளாக இருந்துவரும் பழக்கம். ஒரு மிடறு தவறி நுரையீரலுக்குள் போனால் அது கடுமையான அழற்சியை உண்டாக்கி மருத்துவமனை வரை கொண்டுபோகும். இதற்கென்றே விற்கப்படும் கைப்பம்பின் விலை அதிகமில்லை.

முதலில், இது பெற்றோல் கோளாறுதானா?

பெற்றோல் கோளாறு என்று கராஜுக்கு வரும் கார்களில் கணிசமானவை உண்மையில் மின்பொறிக் கோளாறு உள்ளவை. பொறியை உண்டாக்கும் உறுப்புகளில் பொயின்ட் (மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் முனை) தேய்ந்திருக்கும், கண்டன்சர் பழுதாகியிருக்கும், கொயில் சூடேறியதும் கைவிட்டுவிடும். ஓடும்போது விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, தடுமாறி, சற்று உயிர்பெற்று, மறுபடி தளர்ந்து நின்றால் பெற்றோலைச் சந்தேகியுங்கள். இந்த வேறுபாடு எப்போதும் பொருந்தும் என்று சொல்ல முடியாதென்றாலும், நடுவீதியில் நிற்கும் ஒருவருக்கு எங்கே தொடங்குவது என்பதைக் காட்ட இது போதும்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பலமுறை ஸ்டார்ட் செய்ய முயன்ற பின்னும் அதன் முனை உலர்ந்திருந்தால் பெற்றோல் வந்து சேரவில்லை. பெற்றோலில் நனைந்து மணத்தால், ஒன்று அளவுக்கு மீறி வருகிறது, அல்லது வருவதைப் பற்றவைக்கப் பொறி இல்லை. அதே பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, பிடி உறையிடப்பட்ட குறட்டால் பிடித்து, அதன் உலோக உடலை எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து, இன்னொருவரை எஞ்சினைச் சுழற்றச் சொல்லிப் பாருங்கள். நீல நிறத்தில் உறுதியான பொறி பாய வேண்டும். பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து பெற்றோல் ஆவி வெளியே அடிக்குமாதலால் இந்தச் சோதனையை அந்தத் துளைக்கு அருகில் செய்யக்கூடாது.

பொறி சரியென்றால் எயார் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போதே, ஒரு டோர்ச் வெளிச்சத்தில் காபரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். அக்சிலரேட்டர் நெம்பை விரலால் ஒருமுறை முழுதாகத் தள்ளினால், ஜப்பானிய வண்டிகளிலும் பீட்டிலிலும் மெல்லிய பெற்றோல் தாரை ஒன்று உள்ளே பீச்சும். அப்படிப் பீச்சினால், காபரேட்டரில் பெற்றோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது என்று பொருள். மொறிஸ் மைனர், மினி போன்றவற்றிலுள்ள எஸ்யூ என்ற வகைக் காபரேட்டரில் இந்தத் தாரை இருக்காது. அதற்கு அக்சிலரேட்டர் பம்பே கிடையாது. அதில் மிதவைக் கிண்ணத்தின் மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு நிமிடப் பார்வை வேலையை மூன்றாகப் பிரித்துத் தந்துவிடும். தொண்டை வறண்டிருந்தால் தாங்கிப் பக்கம் போங்கள். தொண்டையில் பெற்றோல் வழிந்துகொண்டிருந்தால் கிண்ணத்திலுள்ள மிதவையையும், அது உயரும்போது பெற்றோல் வரவை மூடும் ஊசி வால்வையும் பாருங்கள். பெற்றோல் வருகிறது, கார் ஓடவும் செய்கிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லையென்றால் ஜெட்டுகள் (பெற்றோலை அளந்துவிடும் நுண்துளை ஆணிகள்), காற்றுக் கசிவு, சோக் (ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி) ஆகியவற்றைப் பாருங்கள்.

தாங்கியும் அதன் மூடியும்

பழைய காரின் பெற்றோல் முள்ளை நம்பாதீர்கள். கால்வாசி இருக்கிறது என்று முள் சொல்லும்போது தாங்கி காய்ந்திருப்பதும் உண்டு. தெரிந்த அளவு பெற்றோலைக் கேனிலிருந்து ஊற்றிப் பார்ப்பதே முதல் சோதனை. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், இந்தச் சோதனையோடு வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்தது மூடி. பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று தாங்கிக்குள் வர வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் அந்தக் காற்று மூடியிலுள்ள சிறு துளை வழியாகவே வருகிறது. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உருவாகி, பம்பு எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது. என்னுடைய சன்னிக்கு மூடி தொலைந்துபோனபோது, ஒரு கடையில் அளவு பொருந்திய வேறொரு மூடியை வாங்கிப் போட்டேன். அதன் பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து புறப்பட்டால் பம்பலப்பிட்டி வரை ஒரு குறையுமில்லாமல் ஓடி, அங்கிருந்து தெகிவளைக்குள் எங்காவது நின்றுவிடும். கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். பம்பை மாற்றினேன், காபரேட்டருக்குப் புதிய கிட் (தேயும் சிறு உறுப்புகளின் தொகுப்பு) போட்டேன், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் பெற்றோல் செட்டில் மூடியைத் திறந்த பையன், "அண்ணே, இது காத்து இழுக்குதே" என்று சொன்னபோதுதான் விளங்கியது. வாங்கிய மூடியில் துளையே இல்லை. ஆகவே கார் தளர்ந்து நின்றவுடன் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். சீறல் ஒலி கேட்டு, அதன் பின் கார் ஓடினால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

மூடி சரியென்றால் தாங்கியின் அடிப்பகுதி. 2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது மாதக் கணக்கில் நகராமல் நின்ற பழைய கார்கள் கொழும்பில் ஏராளம்; பாதி வெறுமையான தாங்கிகளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, உட்சுவர் துருப்பிடித்தது. அந்தத் துரு இன்றும் பல வண்டிகளில் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கென்றே ஓர் அறிகுறி உண்டு: மெதுவாகப் போகும்போது கார் நன்றாக ஓடும், வேகமெடுத்தால், அல்லது மேட்டில் ஏறினால் திணறி நிற்கும், ஓரிரு நிமிடம் நின்ற பின் மறுபடி ஓடும். பெற்றோல் வேகமாக இழுபடும்போது துருத்தூள் உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் நின்றதும் இழுவை இல்லாமல் கீழே உதிர்கிறது.

தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது இதைவிடச் சுலபம். தாங்கியின் அடியிலுள்ள வடிகால் ஆணியைத் தளர்த்தியோ, பம்புக்கு வரும் குழாயைக் கழற்றியோ ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பாரமானது என்பதால் அடியில் தனிப் படையாகவோ உருண்டைகளாகவோ நிற்கும். கொலன்னாவ, வெல்லம்பிட்டி போன்ற தாழ்ந்த பகுதிகளில் வெள்ளத்தில் ஒருமுறை நின்ற கார் என்றால் இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது. துரு அதிகமென்றால் தாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதை அனுபவமுள்ள கராஜிடம் விடுவதே புத்தி. வெறுமையான தாங்கி நிரம்பியதைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே நிற்பது வெடிக்கக் காத்திருக்கும் ஆவி. அதன்மேல் வெல்டிங் பொறி படவே கூடாது.

குழாய்கள், வடிகட்டி

தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். இங்கே ஒரு வெடிப்பு இருந்தால் பெற்றோல் சொட்டாமலே போகலாம். அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுபடும். நிலத்தில் ஈரம் இல்லை, ஆகவே கசிவும் இல்லை என்று முடிவுகட்டும் புதியவர்கள் இந்த இடத்திலேயே வழி தவறுகிறார்கள். இறப்பர் துண்டுகள் ஒவ்வொன்றையும் விரலால் வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, களிபோல் இளகியிருந்தாலோ, கட்டைபோல் இறுகியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். பெற்றோலுக்கென்றே தயாரிக்கப்பட்ட குழாயை மட்டும் வாங்குங்கள். மலிவான வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் உள்ளே ஓடுவது தெரிகிறதே என்று பார்க்க அழகாக இருக்கும். சில மாதங்களில் மஞ்சளாகி, இறுகி, எஞ்சின் சூட்டில் ஒருநாள் கழன்று விழும்.

வடிகட்டியில் அம்புக்குறி எஞ்சினை நோக்கியிருக்க வேண்டும். கண்ணாடிபோன்ற வடிகட்டி பாதி மட்டும் நிரம்பியிருப்பது கோளாறல்ல. அதன் கடதாசி செம்மண் நிறமாகியிருந்தால் அது தாங்கியின் கதையைச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். புதியதைப் போட்டு இரண்டு வாரத்தில் மறுபடி அதே நிறமென்றால், வடிகட்டியை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் மிகுந்த பெற்றோல் தாங்கிக்குத் திரும்பிப் போக இன்னொரு குழாய் இருக்கும். கழற்றுமுன் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டால் அவை இடம் மாறாது.

பம்பு

பெரும்பாலான பழைய கார்களில் பம்பு எஞ்சினோடு பூட்டப்பட்ட இயந்திரப் பம்பு. எஞ்சினுக்குள் சுழலும் கேம் தண்டு ஒரு நெம்பைத் தள்ள, நெம்பு டயபிரம் என்ற மெல்லிய சவ்வை இழுத்து விட, இரு சிறு வால்வுகள் பெற்றோலை ஒரே திசையில் போகவைக்கின்றன. இதைச் சோதிக்க, கொயிலின் மின்கம்பியைக் கழற்றி எஞ்சின் பற்றாதபடி செய்துவிட்டு, காபரேட்டருக்குள் நுழையும் குழாயை அங்கே கழற்றி, அதன் முனையை ஒரு போத்தலுக்குள் ஆழமாக விடுங்கள். போத்தலை ஒருவர் எஞ்சினிலிருந்து விலக்கிப் பிடிக்க, மற்றவர் பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுழற்றட்டும். விட்டு விட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீச்சலாக, பலத்துடன் வர வேண்டும். சொட்டாக வந்தால், அல்லது குமிழிகளோடு வந்தால், பம்புக்கு முன்னுள்ள பாதையா, பம்பா என்று பிரிக்க வேண்டும். பம்பின் உள்வரும் குழாயை ஒரு சிறிய பெற்றோல் போத்தலுக்குள் விட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது நன்றாகப் பீச்சினால் பம்பு குற்றமற்றது. குழாயிலோ தாங்கியிலோ அடைப்பு உண்டு. இப்போதும் வராவிட்டால் பம்பையே கழற்றுங்கள். புதிய பம்பை வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது. நான் செய்யாமல் விட்டதும் இதையே.

டயபிரம் கிழிந்தால் பெற்றோல் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் அளவுக் கம்பியை எடுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தாலோ, ஊற்றாமலே அளவு கூடியிருந்தாலோ எஞ்சினை இயக்கவே வேண்டாம். மெலிந்த ஒயில் பெயாரிங்குகளைத் தின்றுவிடும். பம்பையும் ஒயிலையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்யூ மின்பம்பு. அது பேசும் பம்பு. சாவியைத் திருப்பியதும் சில தடவை டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் காற்றை இழுக்கிறது, அல்லது தாங்கி வெறுமை. எஞ்சின் ஓடாதபோதும் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அடித்தால் காபரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடவில்லை, அல்லது எங்கோ சொட்டுகிறது. ஒலியே இல்லையென்றால் மின்சாரம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுங்கள். தட்டினால் ஓடுகிறதென்றால் உள்ளிருக்கும் பொயின்ட் கருகியிருக்கிறது. வீடு வரை கொண்டுவரும். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

காபரேட்டர்

மேலே சொன்ன எல்லாம் சரியென்று கண்ட பிறகே இங்கு வர வேண்டும். வந்த பிறகும் முதலில் பார்க்க வேண்டியது பெற்றோல் மட்டத்தை. டட்சனின் ஹிட்டாச்சி, டொயோட்டாவின் ஐசான் காபரேட்டர்கள் பலவற்றில் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி இருக்கும். எஞ்சின் ஐட்லிங்கில் (அக்சிலரேட்டரை மிதிக்காத மெதுவான ஓட்டத்தில்) ஓடும்போது பெற்றோல் மட்டம் அதிலுள்ள குறியோடு ஒத்துப்போக வேண்டும். மட்டம் மேலே ஏறி, கரும்புகை வந்து, பிளக்குகள் கரி பிடித்து, தொண்டைக்குள் பெற்றோல் வழிந்தால் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாகத் தட்டினால் சில சமயம் விடுபடும். விடுபடாவிட்டால் மூடியைக் கழற்றி, ஊசியின் கூம்பு முனையைப் பாருங்கள். அதில் வளையம்போல் ஒரு தேய்மானக் கோடு விழுந்திருந்தால் ஊசியையும் அதன் இருக்கையையும் சோடியாக மாற்ற வேண்டும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெற்றோல் ஆடினால் அது துளைபட்டுவிட்டது. பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்தினால் துளையிலிருந்து குமிழி வரும்.

நிரம்பி வழியாமல், ஓட்டம் மட்டும் சரியில்லாதபோது எந்த நேரத்தில் சரியில்லை என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அக்சிலரேட்டரில் கால் இருக்கும்வரை ஓடி, காலை எடுத்தவுடன் நின்றால் ஐட்லிங்குக்குப் பெற்றோல் தரும் ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கும். ஆனால் அதைக் கழற்றுமுன், காபரேட்டரின் பக்கத்தில் மின்கம்பியோடு ஒரு சிறு சோலனொயிட் (மின்சாரத்தால் திறக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைத் திருப்பும்போது அது ஒருமுறை 'டக்' என்று அடிக்க வேண்டும். அதன் கம்பி கழன்றிருந்தால் ஸ்லோ பாதைக்குப் பெற்றோலே போகாது. காரை நிறுத்தும் சந்தியிலெல்லாம் எஞ்சினும் நின்றுவிடுகிற பல வழக்குகள் இந்த ஒரு கம்பியோடு முடிந்துபோகின்றன. ஐட்லிங் நன்றாக இருந்து, அழுத்தியவுடன் ஒரு கணம் திகைத்து நின்று பின் பாய்ந்தால் அக்சிலரேட்டர் பம்பின் டயபிரமோ தோல் வளையமோ தேய்ந்திருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் வேகத்தில் இழுவையில்லை, சோக்கைச் சற்று இழுத்தால் முன்னேற்றம் தெரிகிறது என்றால் கலவையில் பெற்றோல் குறைவு: பிரதான ஜெட் அடைபட்டிருக்கலாம், அல்லது வெளிக்காற்று எங்கோ நுழைகிறது. பெற்றோல் ஒரு பங்குக்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பதே முழுமையாக எரியும் கலவை. காபரேட்டரின் அடியில் இடைவெளியை அடைக்கும் கஸ்கெட்டோ வெற்றிடக் குழாய் ஒன்றோ வெடித்தாலே அந்தக் கணக்குக் குலைந்துவிடும். ஐட்லிங்கில் ஓடும்போது இணைப்புகளின்மேல் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்துப் பாருங்கள். ஓட்டத்தின் ஒலி மாறுகிற இடத்தில் கசிவு. சூடான எஞ்சினில் இதற்குக் கிளீனர் ஸ்பிரேயையோ பெற்றோலையோ அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. தீயில் முடிந்த சோதனை அது.

கழற்றிச் சுத்தம் செய்வதென்றால் வெள்ளைத் துணி விரித்த மேசையில் செய்யுங்கள். ஜெட்டுகளையும் சிறு குண்டுகளையும் கழற்றிய ஒழுங்கில் ஓர் இட்லித் தட்டின் குழிகளில் வைப்பது என் வழக்கம். வீட்டில் கேட்காமல் எடுத்தால் வரும் விளைவுக்கு நான் பொறுப்பல்ல. கலவை ஆணியைக் கழற்றுமுன், அது மெதுவாகத் தட்டுப்படும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கைக்கு வெளியே எடுத்தால் குறைந்தது பழைய நிலைக்காவது வரலாம். இறுக்கித் திருகினால் அதன் கூம்பு முனை கெட்டுவிடும். ஜெட்டுகளைக் காபரேட்டர் கிளீனரால் நனைத்து, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். கம்பியோ ஊசியோ விடக்கூடாது. ஜெட்டின் துளை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து துளைக்கப்பட்டது, ஒரு கீறலே அதன் அளவை மாற்றிவிடும்.

எஸ்யூ காபரேட்டரில் வேலை குறைவு. மேலுள்ள டாஷ்பொட்டில் (காபரேட்டருக்குள் ஏறியிறங்கும் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் குழல்) ஒயில் இருக்க வேண்டும். பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி, அடியில் 'டொக்' என்ற ஒலியோடு உட்கார வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் கலவையைத் திருத்துவதில் பயனில்லை.

கிட் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய உறுப்பையே கையில் கொண்டுபோங்கள். காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்கினால் வேறு காபரேட்டரின் கஸ்கெட்டோடு வீடு வருவீர்கள். இத்தனை வருடத்தில் உங்கள் காருக்குள் எந்தக் காரின் காபரேட்டர் பூட்டப்பட்டிருக்கிறது என்பது முந்தைய உரிமையாளருக்கே தெரியாமலிருக்கலாம். கஸ்கெட்டின் துளைகள் ஒவ்வொன்றும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.

சூடு

புறக்கோட்டையில் காரை நிறுத்தி, அரை மணி நேரம் சாமான் வாங்கித் திரும்பினால் ஸ்டார்ட் ஆகாது; காலையில் வீட்டில் ஒரு குறையும் இராது. இது கொழும்பின் வெயிலும் நெரிசலும் சேர்ந்து தரும் கோளாறு. எஞ்சின் நின்றதும் காற்றோட்டமும் நின்று, தேங்கிய சூட்டில் கிண்ணத்துப் பெற்றோல் கொதித்துத் தொண்டைக்குள் வழிகிறது. அல்லது குழாயில் ஆவியாகி, பம்பு இழுக்க முடியாத குமிழியாகிறது. முதல் வகைக்கு அக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தி அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். திரும்பத் திரும்ப மிதித்தால் இன்னும் பெற்றோலே ஊறும். இரண்டாவது வகைக்குப் பொனட்டைத் திறந்துவைத்து, பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போட்டுச் சற்று நேரம் காத்திருப்பதே வழி. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் மூன்றைப் பாருங்கள்: காபரேட்டருக்கும் மனிஃபோல்டுக்கும் (கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) இடையிலான தடித்த சூட்டுத் தடுப்புத் துண்டு இருக்கிறதா, அதன் கீழுள்ள தகரக் கவசத்தை யாராவது கழற்றி எறிந்திருக்கிறார்களா, பெற்றோல் குழாய் எக்ஸோஸ்டை ஒட்டிப் போகிறதா. சோக் முழுதாகத் திரும்புகிறதா என்பதையும் கூடவே பாருங்கள். நம்முடைய காலநிலையில் காலையிலும் சோக் சில விநாடிகளுக்கே தேவை. கேபிள் பாதியில் சிக்கி நின்றால் நாள் முழுதும் பெற்றோல் வீணாகும்.

கடைசித் திருத்தம்

எல்லாம் பூட்டிய பின், கார் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வந்து, எயார் கிளீனரைப் பூட்டிய நிலையில் திருத்துங்கள். பழைய நாற்சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஐட்லிங் நிமிடத்துக்கு 700 முதல் 800 சுற்று போதும். கலவை ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் மிக வேகமாகவும் ஒழுங்காகவும் இருக்கும் இடத்தைக் கண்டு, பின் வேக ஆணியால் சுற்றைக் குறைத்து, இதை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்ய வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முன் நடக்கும் புகைப் பரிசோதனைக்கு இதை நம்பிப் போகலாம். பரிசோதனைத் தாளில் வரும் காபன் மொனொக்சைட்டு அளவைப் பத்திரப்படுத்தினால், அடுத்த முறை எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று தெரியும்.

அன்று இரவு காரின் அடியில், எஞ்சினுக்குக் கீழே ஒன்றும் தாங்கிக்குக் கீழே ஒன்றுமாக இரண்டு வெற்று அட்டைகளை விரித்து வையுங்கள். சொட்டும் பெற்றோல் விடியுமுன் ஆவியாகிவிட்டாலும் பெரும்பாலும் அட்டையில் விளிம்போடு ஒரு கறையை விட்டுப்போகும். கறை இருந்தால், அதற்கு நேர் மேலேயுள்ள கிளிப்பை இறுக்கும்வரை சாவியைத் திருப்ப வேண்டாம்.